அரியலூரில் கடல், பாக் நீரிணையில் தரை: பூமியின் வெப்பநிலை ஏன் மாறுகிறது?

சித்திரை வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், காவிரி டெல்டாவின் எந்த டீக்கடையிலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பூமி எப்பவுமே மாறிக்கிட்டுத்தாங்க இருக்கு, இப்ப மட்டும் என்ன புதுசு?" பேச்சை முடித்துவைக்கச் சொல்வதுதான் என்றாலும், அதன் முதல் பாதி முழு உண்மை. சாட்சி தேடி அண்டார்டிகா வரை போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் போனால் போதும். அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் ஓடைக்கரைகளிலும் அம்மோனைட் எனப்படும் சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அவை கடலில் வாழ்ந்தவை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தப் பகுதியில் கடல் வந்து வந்து போயிருக்கிறது. அங்கே நிலமே தாழ்ந்துபோனது ஒரு காரணம். உலகம் அன்று இன்றைவிடப் பல டிகிரி சூடாக இருந்தது இன்னொரு காரணம். துருவங்களில் இன்றுள்ளது போன்ற பெரும் பனிப்பாளங்கள் அப்போது கிடையாது. அந்தத் தண்ணீரெல்லாம் கடலில்தான் இருந்தது.

இந்தப் பக்கம் கோடியக்கரைக்கு வாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 20 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. ஆக அன்று அது தரை. யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருக உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் இன்றைய மட்டத்தை நெருங்கியது. இன்று கடலோரத்தில் நாம் உழுகிற வண்டல், கடல் அப்படி ஒரு நிலைக்கு வந்த பிறகு காவிரி கொண்டுவந்து சேர்த்தது. (புகாரைக் கடல்கொண்ட கதையைச் சிலர் இந்தப் பனியுக வெள்ளத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். புகாரின் பெருமை 2,000 ஆண்டுப் பழமை. கடலின் பெரிய ஏற்றம் அதற்கு ஐயாயிரம் ஆண்டுகள் முன்பே அடங்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு.)

சரி, மாறியது உண்மை. ஆனால் எதனால் மாறியது? இதைக் கேட்காமல் "எப்பவுமே மாறும்" என்று சொன்னால், சாவு எப்போதும் உண்டு, ஆகவே கொலை என்று ஒன்று கிடையாது என்பது போல ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தில்தான் இப்போதைய விஷயம் பிடிபடுகிறது.

முதலில் அடிப்படைக் கணக்கு. சூரியனிலிருந்து வரும் ஆற்றலைப் பூமியின் மொத்தப் பரப்புக்கும், பகல் இரவு இரண்டுக்கும் சேர்த்துப் பங்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட். அதில் 100 வாட் அளவு மேகமும் பனியும் மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட்டைப் பூமி உள்வாங்கி, அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு விடுகிறது. மேட்டூர் அணைக்கு நீர்வரத்தும் வெளியேற்றமும் சமமாக இருந்தால் மட்டம் அப்படியே நிற்கும்; வரத்து கூடினாலும் சரி, வெளியேற்றம் குறைந்தாலும் சரி, மட்டம் ஏறும். பூமியின் வெப்பநிலையும் இதே கணக்குதான். சூரியன் மாறலாம், திருப்பி அனுப்பும் அளவு மாறலாம், வெளியேறும் வழியில் தடை கூடலாம் அல்லது குறையலாம். வரலாற்றில் நடந்த எந்த மாற்றமும் இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும்.

அந்தத் தடை எவ்வளவு பெரியது? காற்றில் அகச்சிவப்பைப் பிடிக்கும் வாயுக்கள் இல்லாமல், பூமி இதே 240 வாட்டை உள்வாங்கி வெளியேற்றிக்கொண்டிருந்தால் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உண்மையில் ஏறத்தாழ 15 டிகிரி இருக்கிறது. இடையிலுள்ள 33 டிகிரியும் நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்றவற்றின் உபயம். காற்றில் 99 சதவீதமாக உள்ள நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இந்த வேலை தெரியாது.

வெப்பம் எப்படித் தடைபடுகிறது என்பதைப் பலரும் "வாயு கீழே பிடித்துவைத்துக்கொள்கிறது" என்று சுருக்கிவிடுகிறார்கள். உண்மை இன்னும் சுவையானது. தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பு நேராக விண்ணுக்குப் போவதில்லை. வழியில் வாயு மூலக்கூறுகள் அதை உறிஞ்சி, மறுபடி எல்லாத் திசையிலும் விடுகின்றன. கடைசியில் பல கிலோமீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்திலிருந்துதான் அது தப்பிக்கிறது. கரியமில வாயு கூடினால் அந்தத் தப்பிக்கும் உயரம் இன்னும் மேலே போகிறது. மேலே போகப் போகக் குளிர். குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்வீசும். வெளியேற்றம் குறைந்துவிட்டது, வரத்து அதே அளவு. கணக்கு மறுபடி சமமாகும் வரை கீழே எல்லாமே சூடாகியாக வேண்டும்.

நீராவிதான் இவற்றில் பலசாலி. ஆனால் அது முதலடி எடுத்துவைப்பதில்லை. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது: ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 சதவீதம் அதிகம். அளவுக்கு மேல் போனால் சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். கரியமில வாயு அப்படி இறங்குவதில்லை. அது தொடங்கிவைப்பதை நீராவி பெரிதாக்குகிறது.

இதெல்லாம் நேற்று முளைத்த அரசியல் அல்ல. பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1820களிலேயே காற்று பூமியைச் சூடாக வைத்திருப்பதைப் பற்றி எழுதினார். 1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாவதைக் கண்டார். 1859இல் ஜான் டிண்டால் அகச்சிவப்பை எந்த வாயு உறிஞ்சுகிறது என்று அளந்தார். 1896இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ், கரியமில வாயு இரண்டு மடங்கானால் வெப்பநிலை 5, 6 டிகிரி உயரும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பீடு சுமார் 3 டிகிரி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக்கு மோசமில்லை.

இப்போது காரணங்களின் வேகத்துக்கு வருவோம். மிக மெதுவானது பாறைகளின் வேலை. எரிமலைகள் கரியமில வாயுவைக் கக்குகின்றன. அது மழைநீரில் கரைந்து பாறையை அரிக்கிறது. கரைந்த சத்து ஆற்றோடு கடலுக்குப் போகிறது. கடலுயிர்கள் அதை ஓடாக்கிக்கொள்கின்றன. அவை செத்து அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்பது இப்படிக் காற்றிலிருந்து இறக்கிப் பூட்டிவைக்கப்பட்ட கரி (கார்பன்). எரிமலை வேகமும் அரிப்பு வேகமும் சற்றே முன்பின்னாகப் போனால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பூமி சூடாகவோ குளிராகவோ மாறும். அம்மோனைட் காலத்துச் சூட்டிலிருந்து பனியுகங்களின் குளிருக்கு நாம் இறங்கிவந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். சூரியனும் மாறுகிறது, ஆனால் அது இன்னும் மெதுவு. பூமி பிறந்தபோது அதன் ஒளி இன்றைவிட 30 சதவீதம் அளவு குறைவு.

அடுத்தது ஆயிரமாயிரம் ஆண்டுக் கணக்கு. பூமியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை சற்று நீண்டு சுருங்குகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுகளில் 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே ஆடுகிறது, இப்போது 23.4, குறைந்துகொண்டிருக்கிறது. சூரியனுக்கு மிக அருகில் வரும் மாதமும் சுமார் 23,000 ஆண்டுகளில் சுற்றிவருகிறது. செர்பியரான மிலன்கோவிச் இவற்றையெல்லாம் கணக்கிட்டு, வடகோளத்தின் கோடை வெயில் குறையும்போது பனி உருகாமல் சேர்ந்துகொண்டே போகும், பனியுகம் தொடங்கும் என்றார். பனி வெள்ளை, வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்பும். குளிர்ந்த கடல் கரியமில வாயுவை அதிகம் விழுங்கும். சிறிய தொடக்கம் இப்படிப் பெரிதாகிறது.

இங்கே ஒரு பழைய ஆட்சேபம் வரும்: "பனியுகம் முடிந்தபோது முதலில் வெப்பம் ஏறியது, கரியமில வாயு அப்புறம்தானே கூடியது?" அண்டார்டிகாவைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். தொடங்கிவைத்தது சுற்றுப்பாதை, கடலிலிருந்து வெளிவந்த வாயு அதைப் பெரிதாக்கி உலகம் முழுக்கப் பரப்பியது. அன்று வாயு பின்னால் வந்ததால் இன்று அது முன்னால் வர முடியாது என்றாகாது. இன்னொன்றும் உண்டு. சுற்றுப்பாதைக் கணக்குப்படி இப்போது நாம் மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

குறுகிய காலக் காரணங்கள் பலருக்கும் தெரிந்தவை. பெரிய எரிமலை வெடித்தால் கந்தகத் துகள்கள் மேல்வளிமண்டலத்துக்குப் போய் வெயிலை மறைக்கும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததால் 1816இல் ஐரோப்பாவில் கோடையே இல்லை என்றார்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ உலக சராசரியை அரை டிகிரி அளவு குறைத்தது. இரண்டு மூன்று ஆண்டில் துகள் படிந்ததும் பழையபடி ஆகிவிட்டது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் அதன் ஒளி மாறுவது வெறும் 0.1 சதவீதம்.

எல் நினோ வேறு வகை. அது புதிய வெப்பத்தைக் கொண்டுவருவதில்லை, பசிபிக் கடலில் இருப்பதை மேலே கொண்டுவந்து பரப்புகிறது. ஓரிரு ஆண்டுக்கு உலக சராசரி ஒன்றிரண்டு பத்தில் பங்கு டிகிரி ஏறும். டெல்டாவில் அதன் விளையாட்டு இருமுகமானது. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும். குடகிலும் வயநாட்டிலும் மழை குறைந்தால் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிறையாது. மேட்டூருக்கு வரத்து வராது. 2023இல் ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறந்தும் குறுவை காய்ந்த கதை யாருக்கும் மறந்திருக்காது. அதே எல் நினோ நம் வடகிழக்குப் பருவமழையைப் பல சமயம் பலமாக்கும். 2015 சென்னை வெள்ளம் அப்படியொரு ஆண்டில்தான். ஆகவே குறுவைக்குத் தண்ணீர் இல்லை, சம்பாவுக்குத் தண்ணீர் வடியவில்லை என்ற இரண்டு புலம்பலையும் ஒரே ஆண்டில் கேட்க நேரலாம். இதை வைத்துப் பூமி சூடாகிறதா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது.

இனி நம் காலம். அண்டார்டிகப் பனிக்குள் சிக்கிய காற்றுக்குமிழ்களை எடுத்துப் பார்த்ததில், கடந்த 8,00,000 ஆண்டுகளில் கரியமில வாயு காற்றில் பத்து லட்சத்துக்கு 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது தெரிகிறது. கல்லணை கட்டியபோதும், பெரிய கோயில் எழும்பியபோதும் 280ஐ ஒட்டித்தான். 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. 2024இல் ஏறத்தாழ 424. பனியுக உச்சத்திலிருந்து வெளிவர இயற்கை 80, 100 பங்கு கூட்டுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதே அளவு இப்போது ஒரு மனித ஆயுளுக்குள் கூடியிருக்கிறது.

அது நம்மால் வந்தது என்று எப்படித் தெரியும்? நிலக்கரியிலும் எண்ணெயிலும் உள்ள கரி மிகப் பழையது. காலப்போக்கில் சிதைந்துபோகும் கதிரியக்கக் கார்பன்-14 அதில் மிச்சமே இருக்காது. அது கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைகிறது. எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். காற்றின் ஆக்சிஜனும் அதற்கேற்ப மிக மெல்லக் குறைகிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்கையொட்டித்தான். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது அதுவல்ல. கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் சூரிய ஒளியில் ஏறுமுகமும் இல்லை.

அரியலூருக்குத் திரும்பலாம், ஏனென்றால் இந்த முழு விஷயமும் அங்கேதான் கண்ணெதிரே நடக்கிறது. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிறார்கள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போகும். சூளைக்குப் போடும் எரிபொருளின் புகை இதில் சேரவில்லை. சுண்ணாம்புக் காளவாய் நம் ஊரில் காலங்காலமாக உண்டுதான், கோயிலும் வீடும் அதில்தான் கட்டினோம், அளவுதான் வேறு. வடக்கே நெய்வேலியில் 1960களிலிருந்து பழுப்பு நிலக்கரி எரிகிறது. அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மக்கிப் புதைந்த காடு. டெல்டாவுக்குள்ளேயே நரிமணத்தில் கச்சா எண்ணெய், குத்தாலத்தில் எரிவாயு. கடலும் காடும் கோடி ஆண்டுகளாக இறக்கிவைத்த கரியைச் சில பத்தாண்டுகளில் எடுத்து மேலே அனுப்புகிறோம். பாறையின் வேலை மறுபடி அதை இறக்கிவைத்துவிடும், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

விளைவு: 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2024இன் உலக சராசரி சுமார் 1.55 டிகிரி அதிகம். அளவெடுத்த காலத்தில் அதுவரை வந்த மிகச் சூடான ஆண்டு அது. காலையும் மதியமும் பத்து டிகிரி மாறுகிற ஊரில் இருந்துகொண்டு ஒன்றரை டிகிரியைக் கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் பாக் நீரிணை தரையாகக் கிடந்த பனியுக உச்சமே, உலக சராசரியில் அந்த 1850–1900 காலத்தைவிட 6 டிகிரியை ஒட்டித்தான் குறைவு. அந்த 6 டிகிரியை ஏறப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆயின. அதாவது நூற்றாண்டுக்குச் சராசரியாக ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது பத்தாண்டுக்கே 0.2 டிகிரிக்கு மேல்.

உலக சராசரி என்பதை உலகத்துத் தெர்மாமீட்டர்களையெல்லாம் கூட்டி வகுத்து எடுப்பதில்லை. நாகப்பட்டினத்து மானியை அதே நாகப்பட்டினத்தின் பழைய சராசரியோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகியது என்று பார்க்கிறார்கள். நிலத்து நிலையங்கள், கப்பல்கள், மிதவைகளின் விலகல்களைப் பரப்புக்கேற்பச் சேர்த்தால் வருவதுதான் அந்த எண். நகரத்துக் கான்கிரீட் சூட்டால் வந்த பிழை என்பார்கள். கடல்நடுவில் கான்கிரீட் கிடையாது, அங்கேயும் ஏறியிருக்கிறது.

ஊருக்கு ஊர் ஏற்றம் ஒன்றாக இருப்பதில்லை. உலகின் நிலப்பரப்பு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறியபோது, இந்தியாவில் 1901–2018 காலத்தில் ஏறியது சுமார் 0.7 டிகிரி என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. தொடங்கும் ஆண்டு வேறு என்பதைக் கழித்தாலும் குறைவுதான். நாம் தப்பித்துவிட்டோம் என்று இதற்குப் பொருளில்லை. நம் புகையும் தூசியும் வெயிலைக் கொஞ்சம் மறைக்கின்றன. பாசன நிலத்தில் ஆவியாகும் நீர் பகல் சூட்டைக் கொஞ்சம் அடக்குகிறது. காற்றைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த சூடு வெளியே வரும். அதற்காகப் புகையைச் சுவாசித்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

நெல்லுக்கு இரவுதான் முக்கியம். பகலில் சேர்த்ததை இரவின் சுவாசத்தில் பயிர் செலவழிக்கிறது. இரவு புழுங்கினால் செலவு கூடும், மணிக்கு மிஞ்சுவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களை வைத்து 2004இல் வந்த ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரி தாண்டினால் பதர் கூடுவது தனிக் கணக்கு.

அந்த நெல்லும் இந்தக் கணக்கில் ஒரு தரப்புதான். தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மக்குவதை மீத்தேனாக மாற்றும். அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியே வெளியேறும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவு சூடேற்றக்கூடியது. இதைப் பிடித்துக்கொண்டு டெல்டா விவசாயியையும் சிமென்ட் சூளையையும் ஒரே வரிசையில் நிறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயலின் மீத்தேனில் உள்ள கரி, பயிர் சமீபத்தில் காற்றிலிருந்து எடுத்தது. மீத்தேனாக அது காற்றில் இருப்பது சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். அப்புறம் எடுத்த இடத்துக்கே கரியமில வாயுவாகத் திரும்பிவிடுகிறது. நெய்வேலிக் கரி புதிதாக வந்து சேர்வது. அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு நிற்கும்.

வயலின் பங்கைக் குறைக்க வழியும் ஊருக்குத் தெரிந்ததுதான்: காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. நடுநடுவே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகும், மீத்தேன் பாதியளவுகூடக் குறையலாம், தண்ணீரும் மிச்சம். தலைமடையில் இதைச் செய்யச் சொல்வது எளிது. முறைவைத்துத் தண்ணீர் விடும் ஆண்டில், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரர், நிற்கிற தண்ணீரை வடியவிட மாட்டார். அவருக்கு முதலில் தேவை திறப்புத் தேதி மாறாத ஒரு முறைப்பாசனம்.